பூமியின் சுழற்சி வெளியையும் இழுக்கிறதா? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் புதன் கோளின் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவதையும், நியூட்டனின் கணக்குக்குள் அடங்காத அந்த எச்சத்தை 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியதையும் எழுதியிருந்தோம். (ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்தால் வரும் சிறு கோணமே வில்விநாடி.) அதையொட்டி வந்த கடிதங்களில் பல ஒரே ஐயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. சூரியனுக்கு அருகே தெரிந்த அந்த விளைவுகள் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களிலும் தெரியுமா என்பதே அது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: சூரியனோடு ஒப்பிட்டால் பூமி மிகச் சிறியது. அதன் ஈர்ப்பில் பொதுச் சார்பியலின் விளைவு அளக்கும் அளவுக்கு இருக்குமா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

இருக்கிறது. ஓர் இடத்தில் ஈர்ப்பு நியூட்டனின் வரையறையிலிருந்து எவ்வளவு விலகும் என்பதை மதிப்பிட இயற்பியலாளர்கள் ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள். பூமியின் பரப்பில் அந்த விகிதம் ஆயிரம் கோடியில் ஏழு பங்கு. புதன் கோள் இருக்கும் தொலைவில் சூரியனின் ஈர்ப்புக்கு அது இதைப்போல் ஏறத்தாழ 36 மடங்கு. இந்த ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் தங்கள் ஐயம் நியாயமானதாகவே தோன்றும்.

ஆனால் கணக்கில் இன்னொன்றும் சேர்கிறது. புதன் சூரியனை ஒருமுறை சுற்ற 88 நாள் எடுத்துக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டில் அது சுற்றுவது 415 முறைதான். 12,000 கிலோமீட்டர் ஆரமுள்ள பாதையில் பூமியைச் சுற்றும் லேஜியோஸ்-2 என்ற செயற்கைக்கோளோ ஒரே ஆண்டில் 2,300 முறைக்கு மேல் சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சேரும் திருப்பம் மிகச் சிறியதுதான். ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கை அதைப் பெருக்குகிறது. இதனால் அச்செயற்கைக்கோளின் பாதையில் பூமிக்கு மிக அருகே வரும் புள்ளி, சார்பியலின் காரணமாக மட்டும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.35 வில்விநாடி நகர்கிறது. நூற்றாண்டுக்குக் கணக்கிட்டால் 335 வில்விநாடி, அதாவது புதனின் நகர்வைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். இத்தாலிய ஆய்வாளர்களான டேவிட் லுக்கேசியும் ராபர்ட்டோ பெரோனும் 13 ஆண்டு அளவீடுகளிலிருந்து இந்த நகர்வைப் பிரித்தெடுத்து 2010-இல் வெளியிட்டார்கள்.

எனவே விளைவு சிறியது என்பது இங்கே பெரிய தடையன்று. அதே திசையில், அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பெரிதாக, பூமியின் உருவமே உண்டாக்கும் நகர்வுகளிலிருந்து அதைப் பிரித்தறிவதுதான் கடினம். இதற்கடுத்த கேள்வி இந்த இடத்தையே தொடுகிறது.

கேள்வி: பூமி சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுக்கிறது என்று ஓர் உரையில் கேட்டேன். அதைச் செயற்கைக்கோளின் "கணு"வை வைத்து அளந்தார்களாம். கணு என்றால் என்ன? வெற்று வெளியை எப்படி இழுக்க முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

கணுவை நம் பஞ்சாங்கம் நெடுங்காலமாக அறியும். வானில் சூரியன் செல்வதாகத் தோன்றும் வழியைச் சந்திரனின் பாதை வெட்டும் இரு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். அவை பொருள்கள் அல்ல. இரு தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்கள். மற்றக் கோள்கள் முன்னோக்கி நகர, ராகுவும் கேதுவும் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் வானத்தை ஒருமுறை சுற்றிவருகின்றன. சூரியனின் ஈர்ப்பு சந்திரனின் பாதைத்தளத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். செயற்கைக்கோளின் கணுவும் இத்தகையதே. அதன் பாதை பூமியின் நிலநடுக்கோட்டுத் தளத்தைத் தெற்கிலிருந்து வடக்காக வெட்டும் புள்ளி ஏறுகணு எனப்படுகிறது. பாதைத்தளம் திரும்பினால் கணு நகரும்.

இனி இழுபடுதலுக்கு வருவோம். நியூட்டனின் கோட்பாட்டில் ஈர்ப்பைத் தீர்மானிப்பவை பொருளின் நிறையும் அந்நிறை பரவியுள்ள விதமும் மட்டுமே. முற்றிலும் உருண்டையான ஒரு கோள் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் வெளியே அதன் ஈர்ப்பு ஒன்றுதான். பொதுச் சார்பியலில் அப்படியில்லை. மின்னூட்டம் நகர்ந்தால் காந்தப்புலம் தோன்றுவதைப் போலவே, நிறை நகர்ந்தாலும் ஈர்ப்பில் ஒரு புதிய கூறு தோன்றுகிறது. ஆஸ்திரிய அறிஞர்களான யோசெஃப் லென்ஸும் ஹான்ஸ் திர்ரிங்கும் 1918-இல் இதைக் கணக்கிட்டு, சுழலும் கோளைச் சுற்றிவரும் பொருளின் பாதைத்தளம் அந்தக் கோள் சுழலும் திசையிலேயே மெல்லத் திரும்பும் என்று காட்டினார்கள். அதனால் அது லென்ஸ்–திர்ரிங் விளைவு எனப்படுகிறது.

ஆட்டுக்கல்லில் குழவி சுழலும்போது அதையொட்டிய மாவு அதோடு சேர்ந்து வேகமாகவும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மெதுவாகவும் நகர்வதை ஓர் உருவகமாகக் கொள்ளலாம். பூமியிலிருந்து விலகிச் செல்லச் செல்ல விளைவு தொலைவின் மும்மடிக்கேற்ப குறைகிறது என்பதால் உவமை அந்த அளவுக்குப் பொருந்தும். அதற்கு மேல் அதை நீட்டக் கூடாது. வெளி என்பது மாவைப் போன்ற பாய்மம் அன்று. அதில் உராய்வு இல்லை, பூமியின் சுழற்சியை அது தடுப்பதும் இல்லை. இழுபடுவது எது என்றால், "இது சுழலவில்லை, நிலையாக இருக்கிறது" என்று ஓரிடத்தில் நாம் சொல்வதற்கு அளவுகோலாக அமையும் அந்தச் சட்டகமே. தொலைவிலுள்ள விண்மீன்களைக் கொண்டு பார்த்தால், பூமிக்கு அருகேயுள்ள அந்தச் சட்டகம் மிக மெதுவாகக் கிழக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு மெதுவாக என்பதைச் சொன்னால்தான் அளந்தவர்களின் உழைப்பு விளங்கும். ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் முதல் லேஜியோஸ் செயற்கைக்கோளின் கணு இதனால் ஆண்டுக்கு 31 மில்லி வில்விநாடி நகர்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிமனை அரைக் கிலோமீட்டர்த் தொலைவிலிருந்து பார்த்தால் தெரியும் கோணம் ஏறத்தாழ இவ்வளவுதான். அதன் பாதையின் மீது கணக்கிட்டால் ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

பூமியோ முழு உருண்டையன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் உள்ளதைவிட 21 கிலோமீட்டர் கூடுதல். அந்த இடுப்புப் பருமன் நியூட்டனின் விதிப்படியே செயற்கைக்கோளின் பாதைத்தளத்தைத் திருப்புகிறது. லேஜியோஸின் கணுவை அது ஆண்டுக்கு 126 பாகை கிழக்கே நகர்த்துகிறது. 31 மில்லி வில்விநாடி எங்கே, 126 பாகை எங்கே! முன்னதைவிடப் பின்னது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மடங்கு பெரிது. ஒன்றரைக் கோடி ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாயைத் தேடுவது போன்றது இது. அதுவும் அந்த ஒரு ரூபாயில் சில காசுகள்கூடப் பிசகாமல் தேட வேண்டும். பூமியின் உருவத்தை அந்த நுட்பத்துக்கு அறிந்தவர் அன்று எவரும் இல்லை.

இங்கேதான் ஓர் அழகான கணக்கு வருகிறது. 1992-இல் செலுத்தப்பட்ட லேஜியோஸ்-2 வேறொரு சாய்வில் (சாய்வு என்பது பாதைத்தளம் நிலநடுக்கோட்டுத் தளத்தோடு அமைக்கும் கோணம்) சுற்றுவதால், பூமியின் பருமன் அதன் கணுவை ஆண்டுக்கு 231 பாகை மேற்கே நகர்த்துகிறது. ஆனால் லென்ஸ்–திர்ரிங் விளைவு இரண்டையும் கிழக்கே, ஏறத்தாழ ஒரே அளவில்தான் நகர்த்தும். 231-ஐ 0.545 ஆல் பெருக்கிப் பாருங்கள், 126 வரும். ஆகவே இரண்டாம் கோளின் கணு நகர்வை 0.545 ஆல் பெருக்கி முதலாம் கோளின் நகர்வோடு கூட்டினால், பருமனின் பங்கு எதிரெதிராக அமைந்து நீங்கிவிடுகிறது; பூமியின் இடுப்புப் பருமனை நாம் எவ்வளவு பிழையாக அறிந்திருந்தாலும் அந்தப் பிழையும் அதோடு சேர்ந்தே நீங்குகிறது. எஞ்சுவது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 48 மில்லி வில்விநாடியாக இருக்க வேண்டும். பள்ளியில் ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு மாறியை நீக்குவோமே, அதே முறைதான் இது. விலையுயர்ந்த கருவியால் முடியாததை ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் முடித்துவைக்கும் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: லேஜியோஸில் எந்தக் கருவியும் இல்லையாமே? கருவியே இல்லாத ஒன்றைக் கொண்டு எப்படி இவ்வளவு நுட்பமாக அளக்கிறார்கள்? (வாசகர், மட்டக்களப்பு)

உண்மைதான். 1976 மே 4 அன்று நாசா செலுத்திய லேஜியோஸ் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோகப் பந்து மட்டுமே. உள்ளே பித்தளை, வெளியே அலுமினியம். எடை 400 கிலோகிராமுக்குச் சற்று மேல். மின்கலம் இல்லை, வானொலி இல்லை, எரிபொருளும் இல்லை. அதன் மேற்பரப்பு முழுவதும் 426 முப்பட்டை எதிரொளிப்பான்கள் பதிக்கப்பட்டுள்ளன. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் தன்மை அவற்றுக்கு உண்டு.

அளக்கும் கருவிகள் எல்லாம் தரையில் இருக்கின்றன. உலகின் பல பகுதிகளில் உள்ள நிலையங்கள் தொலைநோக்கியின் வழியே மிகக் குறுகிய லேசர்த் துடிப்புகளை அந்தப் பந்தை நோக்கி அனுப்புகின்றன. போய்த் திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் 25-இல் ஒரு பங்கு ஆகிறது. அந்த நேரத்தை அளந்து ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தொலைவு சென்டிமீட்டருக்கும் குறைவான பிழையோடு கிடைத்துவிடும். ஒளி கடந்துவரும் காற்று அதைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால், ஒவ்வொரு நிலையத்திலும் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்து அதற்கான திருத்தமும் செய்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மீட்டர் நகர்வைக் கண்டறிய இந்த நுட்பம் தாராளமாகப் போதும்.

கருவி இல்லாததே அதன் சிறப்பு என்றும் சொல்ல வேண்டும். சூரிய ஒளியும் மிச்சசொச்சக் காற்றும் செயற்கைக்கோளைத் தள்ளும். பரப்பு பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் அத்தள்ளல் கூடும். கனமான, சிறிய, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் பந்தில் அது மிகக் குறையும். அப்படியும் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. லேஜியோஸின் பாதை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் தாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் முதலில் திகைத்தார்கள். பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் எதிரொளிப்பான்களைச் சூடாக்குவதும், அவை சற்றுத் தாமதித்து, பந்து நகர்ந்த பிறகு அந்த வெப்பத்தைத் திருப்பி வெளிவிடுவதும் இதற்கு முதன்மையான காரணம் என்று டேவிட் ருபின்காம் 1987-இல் விளக்கினார். வெளியேறும் வெப்பம் கொடுக்கும் மிக மெல்லிய உந்தல்கூட இங்கே கணக்கில் ஏறுகிறது.

2012 பிப்ரவரியில் இத்தாலிய விண்வெளி நிறுவனத்தின் லேரிஸ் செலுத்தப்பட்டபோது இந்த எண்ணத்தை இன்னும் முன்னெடுத்துச் சென்றார்கள். டங்ஸ்டன் உலோகக் கலவையால் ஆன அந்தப் பந்தின் விட்டம் 36 சென்டிமீட்டர்தான். எடையோ 387 கிலோகிராம். 1,450 கிலோமீட்டர் உயரத்தில் தாழ்வாகச் சுற்றுவதால் அதன் கணு லென்ஸ்–திர்ரிங் விளைவால் ஆண்டுக்கு 118 மில்லி வில்விநாடி நகர்கிறது.

கேள்வி: இந்த அளவீட்டின் துல்லியம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று படித்தேன். அப்படியானால் இதை நிறுவப்பட்ட உண்மை என்று சொல்லலாமா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

சொல்லலாம். ஆனால் எந்த அளவுக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தாலியின் இஞ்ஞாசியோ சுஃபோலினியும் அமெரிக்காவின் எர்ரிகோஸ் பாவ்லிஸும் 2004 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு, இரு லேஜியோஸ்களின் 11 ஆண்டு அளவீடுகளில் லென்ஸ்–திர்ரிங் விளைவு கோட்பாடு சொல்வதில் 99 விழுக்காடாக இருக்கிறது என்றும், பிழை 10 விழுக்காட்டுக்கு மிகாது என்றும் கூறியது. முன்பு சொன்ன பெருக்கல் கூட்டலில் பூமியின் இடுப்புப் பருமன் மட்டுமே நீங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு அடுத்த நிலை மேடுபள்ளங்களின் பங்கு அப்படியே எஞ்சியிருக்கும். அவற்றை அறிய உதவியது 2002 மார்ச்சில் செலுத்தப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள். ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் சென்ற அவை, அந்த இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை மைக்ரோமீட்டர் அளவில் கண்காணித்து, பூமியின் ஈர்ப்புப் புலத்தை அதற்கு முன் இல்லாத தெளிவோடு வரைந்து தந்தன.

லொரென்சோ இயோரியோ உள்ளிட்ட சிலர் இதை ஏற்கவில்லை. விளைவு இல்லை என்பது அவர்களின் வாதம் அன்று. எஞ்சிய மேடுபள்ளங்களின் பிழையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள், உண்மைப் பிழை 10 விழுக்காட்டைவிடப் பெரிது என்பதே அவர்கள் சொன்னது. என் பார்வையில் அந்த எதிர்ப்பு அறிவியலுக்கு நன்மையே செய்தது. இத்தகைய அளவீட்டில் கிடைக்கும் எண்ணைவிட அந்த எண்ணின் பிழை வரம்பே முக்கியம். 99 என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு வரம்பைச் சரியாகச் சொல்லாவிட்டால், அது கோட்பாட்டை உறுதிசெய்கிறதா அல்லது தற்செயலாக அருகே வந்து நிற்கிறதா என்று அறிய வழியில்லை.

பிழையைப் பற்றி வாதிடுவதைவிட, பிழையே எழாத ஓர் அமைப்பைத் தேடுவது மேல். அந்த அமைப்பு நெடுநாளாகவே தெரிந்திருந்தது. 1986-இல் சுஃபோலினி, லேஜியோஸின் அதே உயரத்தில், சாய்வு மட்டும் 180 பாகையிலிருந்து கழித்த மிச்சமாக அமையும்படி இன்னொரு பந்தைச் செலுத்தலாம் என்று முன்மொழிந்தார். லேஜியோஸின் சாய்வு 109.84 பாகை, எனில் இரண்டாவதன் சாய்வு 70.16 பாகை. அப்படிச் செய்தால் பருமன் மட்டுமன்றி, கணுவை நகர்த்தும் மற்ற மேடுபள்ளங்களின் பங்கும் இரண்டிலும் சம அளவில் எதிரெதிராகவே அமையும். கணு நகர்வுகளைக் கூட்டினால் அனைத்தும் நீங்கி, லென்ஸ்–திர்ரிங் விளைவின் இரு மடங்கு மட்டும் எஞ்சும். லேஜியோஸ்-2 வேறு தேவைகளை முன்னிட்டு 52.6 பாகைச் சாய்வில் செலுத்தப்பட்டதால் அப்போது இது கைகூடவில்லை. 36 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலை 13 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து வேகா-சி ஏவூர்தியின் முதல் பயணத்தில் சென்ற லேரிஸ்-2 அந்த இடத்தை அடைந்தது. நிக்கல் கலவையால் ஆன, 303 எதிரொளிப்பான்கள் கொண்ட அந்தப் பந்து இப்போது லேஜியோஸின் இணையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் அளவீடு பல ஆண்டு நீடித்தால்தான் கடலின் ஏற்ற இறக்கம், அதைப்போலவே தரையில் நேரும் ஏற்ற இறக்கம் போன்ற அலைவுகள் சராசரியில் கரையும் என்பதால், அதிலிருந்து மிகச் சிறந்த முடிவு வரும் நாள்களிலேயே வரும்.

கேள்வி: கிராவிட்டி புரோப்-பி என்ற திட்டத்துக்குப் பெருஞ்செலவு ஆனது என்றும், அதே விளைவை மலிவான பந்துகள் அளந்துவிட்டன என்றும் சொல்கிறார்கள். அந்தத் திட்டம் வீணா? (வாசகர், சிங்கப்பூர்)

வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அது எடுத்துக்கொண்ட கேள்வியே வேறு. பாதைத்தளம் எப்படித் திரும்புகிறது என்பதை விட்டுவிட்டு, விண்வெளியில் சுழலும் ஒரு பம்பரத்தின் அச்சு எப்படித் திரும்புகிறது என்பதை அது நேரடியாகப் பார்த்தது. லெனார்ட் ஷிஃப், ஜார்ஜ் பியூ ஆகியோர் தனித்தனியே 1960-ஐ ஒட்டி முன்வைத்த எண்ணம், பிரான்சிஸ் எவரிட் தலைமையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் பாடுபட்டபின் 2004 ஏப்ரல் 20 அன்று விண்ணை எட்டியது. பிங்பாங் பந்தின் அளவுள்ள நான்கு குவார்ட்ஸ் கோளங்கள். மனிதர் செய்தவற்றுள் மிகமிக உருண்டையானவற்றில் அவை சேரும். நியோபியம் பூசப்பட்டு, 1.8 கெல்வின் குளிரில், திரவ ஹீலியத்தின் நடுவே அவை சுழன்றன. 642 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் மேலாகச் செல்லும் பாதையில் அது சுற்றியது. ஐ.எம். பெகாசி என்ற விண்மீனை நோக்கியபடி இருந்த தொலைநோக்கி, அச்சுகள் எவ்வளவு திரும்பின என்று ஒப்பிட உதவியது.

அது தேடிய திருப்பங்கள் இரண்டு. பூமியின் நிறை வெளியை வளைத்திருப்பதால் வடக்கு–தெற்காக நேரும் திருப்பம் ஒன்று. இதன் அளவு ஆண்டுக்கு 6,606 மில்லி வில்விநாடி. அந்த வளைவை இப்படி எண்ணிப் பார்க்கலாம்: நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் அதன் சுற்றுப்பாதையின் நீளம், பள்ளிக்கூட வடிவியல் சொல்வதைவிட ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறது. மற்றொன்று பூமியின் சுழற்சியால் கிழக்கு–மேற்காக நேரும் 39 மில்லி வில்விநாடி. பாதை துருவங்களின் மேலாகச் சென்றதால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்து, கலவாமல் பிரிந்து தெரிந்தன.

கோளங்களின் பரப்பிலும் அவற்றின் உறையிலும் மின்னழுத்தம் திட்டுத்திட்டாக வேறுபட்டிருந்தது. எதிர்பாராத இந்தக் குறை அச்சுகளைத் தானாகவே திருப்பி அளவீட்டைக் கெடுத்தது. அதைக் கணக்கிட்டு நீக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2011 மே மாதம் வெளியான இறுதி முடிவுகளில் முதல் திருப்பம் 6,601.8, பிழை 18.3, இரண்டாவது 37.2, பிழை 7.2. ஒரு விழுக்காட்டுக்குள் அளக்க எண்ணியிருந்த இரண்டாவது விளைவில் பிழை ஏறத்தாழ 19 விழுக்காடு ஆகிவிட்டது என்பது வருத்தமே. ஆனால் முதலாவது 0.3 விழுக்காட்டுக்குள் உறுதியானது. தனிப் பம்பரத்தின் அச்சில் இவ்விரு விளைவையும் வேறு எவரும் அதுவரை நேரே கண்டதில்லை. பந்துகளும் பம்பரங்களும் முற்றிலும் வெவ்வேறு பிழைகளுக்கு ஆளாகின்றன. அவை ஒரே விடையைச் சொல்லும்போதுதான் அந்த விடையில் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

கேள்வி: சார்பியல் திருத்தம் செய்யாவிட்டால் கைப்பேசி வரைபடம் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் பிழை காட்டும் என்பது சரியா? (பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)

எண் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவைச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் நாளுக்கு ஏறத்தாழ 45 மைக்ரோவிநாடி முந்துகிறது. வேகமாகச் செல்வதால் 7 மைக்ரோவிநாடி பிந்துகிறது. நிகரமாக 38 மைக்ரோவிநாடி முந்துகிறது. இன்னும் உயரத்தில் சுற்றும் நம் நாட்டின் வழிகாட்டும் அமைப்பான நவிக்கின் செயற்கைக்கோள்களுக்குக் கணக்கிட்டால் இது 46 மைக்ரோவிநாடியைத் தாண்டும். 38 மைக்ரோவிநாடியில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் என்பதிலிருந்தே அந்தப் பத்துக் கிலோமீட்டர்க் கூற்று பிறந்தது. ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவில் முந்தினால், தன் கடிகாரப் பிழையையும் ஒரு மாறியாக வைத்துத் தீர்க்கும் கைப்பேசி அந்தப் பொதுப் பிழையில் பெரும்பகுதியை நேரத்தின் பிழையாகவே ஒதுக்கிவிடும். இடத்தின் பிழை அத்தனை பெரிதாகாது. இடத்தை உண்மையில் கெடுப்பது செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் மாறுபடும் பகுதி. பாதை சற்றே நீள்வட்டமானால், பூமியை நெருங்கும்போது கடிகாரம் மெதுவாகவும் விலகும்போது விரைவாகவும் ஓடும். நீள்வட்டத் தன்மை நூறில் ஒன்று என்றால்கூட அதனால் 23 நானோவிநாடி, அதாவது 7 மீட்டர், பிழை வரும்.

இந்தச் சிறு அலைவே பின்னர் ஒரு நற்பயனுக்கு வழிவகுத்தது. 2014 ஆகஸ்ட் 22 அன்று ஐரோப்பாவின் வழிகாட்டும் அமைப்பான கலிலியோ வரிசையின் ஐந்தாம், ஆறாம் செயற்கைக்கோள்கள் ஏவூர்தியின் மேற்கட்டத்தில் எரிபொருள் உறைந்ததால் தவறான நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. தம் சொந்த உந்திகளால் ஓரளவு சீரானபோதும், நாளுக்கு இருமுறை ஏறத்தாழ 8,500 கிலோமீட்டர் ஏறி இறங்கும் பாதையிலேயே அவை நின்றுவிட்டன. வழிகாட்டும் பணிக்கு அது இடையூறு. ஆனால் மிகச் சிறந்த ஹைட்ரஜன் மேசர் கடிகாரங்களைச் சுமந்தபடி ஈர்ப்பின் மேட்டில் ஏறி இறங்கும் இரு செயற்கைக்கோள்களை வேண்டுமென்றே செலுத்த எவரும் நிதி தந்திருக்க மாட்டார்கள். அக்கடிகாரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் 370 நானோவிநாடி அளவுக்கு முன்பின் அசைந்தன. பாரிஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த குழுவும் ஜெர்மனியின் பிரெமென் நகரக் குழுவும் ஆயிரம் நாளுக்கு மேற்பட்ட தரவுகளைத் தனித்தனியே ஆராய்ந்து 2018 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டன. 1976-இல் ஒரு ராக்கெட்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிய கடிகாரத்தைக் கொண்டு பெற்ற துல்லியத்தை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஐந்து மடங்குக்கு மேல் அவை உயர்த்தின. இங்கும் பாதையின் பிழையைக் கடிகாரத்தின் பிழையிலிருந்து பிரிக்க, தரையிலிருந்து லேசரால் தொலைவை அளக்கும் அதே முறைதான் துணைநின்றது.

கேள்வி: லேஜியோஸ் எவ்வளவு காலம் பயன்படும்? (இல்லத்தரசி, திருச்சி)

பழுதாக அதில் ஒன்றும் இல்லை என்பதால், பூமியில் யாராவது லேசரை அனுப்பும் வரை பயன்படும். அதன் பாதை 84 லட்சம் ஆண்டு நீடிக்கும் என்பது கணிப்பு. அதற்குள் கண்டங்கள் நகர்ந்துவிடும் என்பதை எண்ணி, கார்ல் சேகன் வடிவமைத்த ஒரு தகடு அதனுள் வைக்கப்பட்டிருக்கிறது. 26 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றாக இருந்த நிலை, அது செலுத்தப்பட்ட நாளில் இருந்த நிலை, 84 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் இருக்கக்கூடிய நிலை என மூன்று நிலவரைபடங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.